பால்வாடி வாசல்ல பத்து நிமிஷம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியில ஆரம்பிக்கலாம்.

ராத்திரி 11 மணி. சின்னவனுக்குக் காய்ச்சல் ஏறிக்கிட்டே போகுது. வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியே ஆகணும், ஆனா பெரியவ தூங்கிட்டு இருக்கா. அவளைப் பார்த்துக்கச் சொல்லி யாருக்கு போன் பண்ணுவீங்க?

அம்மா பக்கத்துத் தெருவுல இருந்தா இந்தக் கேள்வியே இல்ல. ஆனா நம்ம வயசுக் குடும்பங்கள் நிறைய பேருக்கு அம்மா விழுப்புரத்துல, மாமியார் கும்பகோணத்துல, வாடகை வீடு மட்டும் புதுச்சேரியில. அப்போ மிச்சம் இருக்கிறது யாரு? எதிர் ஃபிளாட், இல்லன்னா பிள்ளையோட கூடப் படிக்கிற பிள்ளையோட அம்மா.

அந்த ரெண்டாவது ஆளைப் பத்தித்தான் இன்னைக்கு எபிசோட். ஒரு குழந்தை முதன்முதலா போற இடம், அது பிளே ஸ்கூலோ, அங்கன்வாடியோ, பழைய பேர்ல பால்வாடியோ, அங்க வர்ற முன்பின் தெரியாத குடும்பங்கள் எப்படி 11 மணிக்கு போன் பண்ணக்கூடிய ஆளா மாறுறாங்க? சில இடத்துல இது நடக்குது. சில இடத்துல யு.கே.ஜி. முடிஞ்ச மறுவாரமே வாட்ஸ்அப் குரூப்ல 'ஆல் தி பெஸ்ட்' ஸ்டிக்கர் போட்டுட்டு ஒவ்வொருத்தரா வெளியேறிடுறாங்க. என்ன வித்தியாசம்?

தோழி தேடி யாரும் அங்க போகல

முதல்ல நியூயார்க்குக்குப் போயிட்டு வருவோம். மாரியோ ஸ்மால்னு ஒரு சமூகவியலாளர். நியூயார்க்ல இருக்கிற குழந்தைகள் காப்பகங்களை ஆராய்ஞ்சு 2009-ல ஒரு புத்தகம் வெளியிட்டார். பேரு 'அன்ஆன்டிசிபேட்டட் கெயின்ஸ்'. எதிர்பாராம கிடைச்ச லாபம்னு சொல்லலாம்.

விஷயம் தலைப்புலயே இருக்கு. அந்த அம்மாக்கள் காப்பகம் தேடிப் போனது வேலைக்குப் போகணுமேங்கிறதுக்காக. நட்பு வேணும்னு யாரும் ஃபார்ம் எழுதிக் கொடுக்கல. ஆனாலும் பாதிக்கு மேற்பட்ட அம்மாக்களுக்கு அங்க குறைஞ்சது ஒரு தோழியாவது கிடைச்சிருந்தாங்க.

எப்படின்னு அவர் தேடிப் பார்த்தப்போ பதில் ரொம்பச் சாதாரணமா இருந்துச்சு. பிள்ளையைக் கூட்டிட்டுப் போற நேரத்துல கறாரா இருந்த காப்பகங்கள்ல, அம்மாக்கள் எல்லாரும் ஒரே நேரத்துக்கு வாசலுக்கு வந்தாங்க, பேசினாங்க. எப்ப வேணா வந்து கூட்டிட்டுப் போகலாம்னு விட்ட இடங்கள்ல ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே வாய்ப்பு கம்மி. அப்புறம் சுற்றுலா. பத்துப் பிள்ளைங்களை ரெண்டு டீச்சர் மட்டும் ரோட்டுல கூட்டிட்டுப் போக முடியாது, அதனால பெற்றோரைக் கூப்பிடுறாங்க. அதுக்கப்புறம் நிதி திரட்டுற வேலை, பெற்றோர் கூட்டம். ஆக, நட்பு வளரணும்னு யாரும் நிகழ்ச்சி போடல. வேலை நடக்கணும்னு போட்ட ஏற்பாட்டுல நட்பும் சேர்ந்து வளர்ந்துச்சு.

இன்னொண்ணும் அவர் கவனிச்சார். இந்த அம்மாக்கள்ல பலர் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போனதில்ல, சினிமாவுக்குச் சேர்ந்து போனதில்ல. ஆனா அவசரம்னா பிள்ளையை நம்பி ஒப்படைப்பாங்க. உறவோட அகலம் கம்மி, ஆழம் ஜாஸ்தி. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

குடியிருப்புக்குள்ளயே ஒரு பள்ளிக்கூடம்

இது புது ஐடியா கிடையாது. மான்டிசோரிங்கிற பேரைப் பார்த்தா இன்னைக்கு நமக்கு ஃபீஸ் ஞாபகம் வரும். ஆனா மரியா மான்டிசோரி தன் முதல் 'குழந்தைகள் இல்லத்தை' 1907 ஜனவரி 6 அன்று திறந்தது ரோம்ல சான் லொரென்சோங்கிற ஏழைகள் பகுதியில, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குள்ள. அம்மா அப்பா வேலைக்குப் போயிடுறாங்க, பிள்ளைங்க மாடிப்படியில ஓடி, சுவரெல்லாம் கிறுக்கி, கட்டடத்தைப் பாழாக்குறாங்க. ரிப்பேருக்குச் செலவாகிற பணத்துல ஒரு பள்ளி நடத்திடலாமேன்னு குடியிருப்பு நிறுவனம் யோசிச்சதுதான் ஆரம்பம்.

அந்தப் பள்ளிக்கு விதிமுறைகள் எழுதினாங்க. ஃபீஸ் கிடையாது. ஆனா பிள்ளையைக் குறிச்ச நேரத்துக்குக் குளிப்பாட்டி, சுத்தமான உடுப்போட அனுப்பணும். வாரம் ஒரு தடவையாவது அம்மா வந்து ஆசிரியையோட பேசணும். ஆசிரியையும் அதே கட்டடத்துலதான் குடியிருக்கணும். பள்ளி அந்தக் குடியிருப்புக்காரங்களோட பொதுச் சொத்துன்னு மான்டிசோரி நினைச்சாங்க. ஆசிரியை உங்க மாடிப்படியில ஏறி இறங்குற ஆள்னா, 'பேரன்ட்ஸ் மீட்டிங்' தனியா வைக்க வேண்டியதில்ல பாருங்க.

(அவங்க 1939-ல சென்னைக்கு வந்தாங்க. அடையாறு பிரம்மஞான சபையில பயிற்சி வகுப்பு நடத்தினாங்க. உலகப்போர் காரணமா வருஷக்கணக்குல இந்தியாவுலேயே தங்க வேண்டி வந்துச்சு. அது தனி எபிசோடுக்கான கதை.)

இத்தாலியிலயே இன்னொரு உதாரணம். 1945 ஏப்ரல் கடைசி, இரண்டாம் உலகப்போர் முடியுற நேரம். ரெஜியோ எமிலியா நகரத்துக்குப் பக்கத்துல வில்லா செல்லாங்கிற கிராமம். பின்வாங்கிப் போன ஜெர்மன் ராணுவம் ஒரு டேங்க், சில லாரிகள், சில குதிரைகளை விட்டுட்டுப் போயிருந்துச்சு. ஊர்க்காரங்க அதையெல்லாம் வித்து, அந்தக் காசுல சின்னக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி கட்ட முடிவு பண்ணாங்க. செங்கல் சேகரிச்சு, வேலை முடிஞ்ச நேரத்துலயும் ஞாயித்துக்கிழமையிலயும் அவங்களே கட்டினாங்க. கேள்விப்பட்டு சைக்கிள்ல பார்க்கப்போன லோரிஸ் மலகுட்சிங்கிற இளம் ஆசிரியர் அதோடயே ஐக்கியமாயிட்டார். 1963-ல அந்த நகராட்சி தன்னோட முதல் மழலையர் பள்ளியைத் திறந்துச்சு. இன்னைக்கு உலகம் முழுக்கப் பேசப்படுற ரெஜியோ எமிலியா கல்விமுறை வளர்ந்தது இப்படித்தான்.

அங்க ரெண்டு வழக்கம் நமக்கு முக்கியம். ஒண்ணு, பள்ளியைக் கவனிச்சுக்கிற குழுவுல பெற்றோர், ஆசிரியர், ஊர் மக்கள் மூணு தரப்பும் இருப்பாங்க. ரெண்டு, ஒரு குழந்தைகள் கூட்டம் மூணு வருஷமும் அதே ஆசிரியைகளோட இருக்கும். அப்படின்னா அதே பெற்றோர் கூட்டமும் மூணு வருஷம் சேர்ந்து இருக்கும். வருஷா வருஷம் செக்‌ஷனைக் கலைச்சுப் போடுற பள்ளியில இது நடக்காது.

நம்ம அங்கன்வாடியோட டிசைன்

இப்ப நம்ம பக்கம் வருவோம். ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று, நாடு முழுக்க 33 இடங்களில் பரிசோதனையாகத் தொடங்கப்பட்டது. இன்னைக்கு இந்தியாவுல ஏறக்குறைய 14 லட்சம் அங்கன்வாடிகள். அங்கன்வாடின்னா முற்றத்துப் பள்ளின்னு அர்த்தம்.

இதோட விதிமுறையை ஒரு இன்ஜினியர் கண்ணால பாருங்க. சமவெளிப் பகுதியில 400-லிருந்து 800 பேருக்கு ஒரு மையம். அதாவது நடந்து போற தூரம். ஊழியர் அந்தப் பகுதிப் பெண்ணாவே இருக்கணும். சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புறது, முன்பருவக் கல்வி, அம்மாக்களுக்கு ஊட்டச்சத்து ஆலோசனை, இந்த ஆறும் ஒரே வாசல்ல. கர்ப்பமா இருக்கும்போதே பேரு பதிவாகிடும். குழந்தை பொறந்தா எடை பார்க்க வரணும். மூணு வயசுல படிக்க வரும். ஒரு குடும்பம் அந்த வாசலுக்கு வந்து போறது கிட்டத்தட்ட ஏழு வருஷம். அதுக்குள்ள ரெண்டாவது குழந்தை வந்துட்டா இன்னும் நீளும்.

தமிழ்நாட்டுல இதுக்குப் பக்கத்துலயே இன்னொரு பரிசோதனை நடந்துச்சு. 1980-ல உலக வங்கி உதவியோட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்துல ஆரம்பிச்சது. ஆறு மாசத்துலேர்ந்து மூணு வயசு வரைக்குமான குழந்தைகளை மாசாமாசம் எடை போடுவாங்க. எடை கூடாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட நாளுக்குக் கூடுதல் சத்துணவு. அதைத் தேத்துற வேலையை ஊழியர் தனியா செய்யல. ஊர்ப் பெண்களைச் சேர்த்து மாதர் குழுக்கள் அமைச்சாங்க. அடுத்த வீட்டுக் குழந்தை எடை ஏறலைன்னா அது நாலு பேருக்குத் தெரியும், நாலு பேர் கேட்பாங்க.

இப்போ நடக்கிற சமுதாய வளைகாப்பும் இதே வழிதான். வீட்டுல தனியா நடக்க வேண்டிய சடங்கை, பல கர்ப்பிணிகளுக்கு ஒரே இடத்துல, வளையல் போட்டு, கலவை சாதம் பரிமாறி அரசே நடத்துது. அன்னைக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்த பெண்ணோட குழந்தையும் உங்க குழந்தையும் மூணு வருஷம் கழிச்சு ஒரே பாயில உட்காரும்.

யாழ்ப்பாணத்துப் பக்கம் கிராமங்கள்ல பல முன்பள்ளிகளை நடத்துறது அந்த ஊர் சனசமூக நிலையம். பத்திரிகை படிக்க வர்ற பெரியவரும், பிள்ளையை விட வர்ற அம்மாவும் புழங்குறது ஒரே வளவு. வருஷா வருஷம் முன்பள்ளி விளையாட்டு விழா நடக்கும்போது பெற்றோருக்கும் போட்டி உண்டு. அதைப் பார்க்க ஊரே வரும். இங்க பள்ளி தனியா ஒரு சமூகத்தை உருவாக்கல. ஏற்கெனவே இருக்கிற ஊருக்குள்ள புதுசா வந்த குடும்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்குது.

தட்டாஞ்சாவடிக்கு வருவோம்

நம்ம தட்டாஞ்சாவடியை எடுத்துக்கோங்க. ஒரு பக்கம் தொழிற்பேட்டை, ஒரு பக்கம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், கொஞ்ச தூரத்துல கோரிமேடு, ஜிப்மர். தலைமுறையா இங்கயே இருக்கிறவங்களும் உண்டு, ஷிஃப்ட் வேலைக்காக, படிப்புக்காக வந்து வாடகைக்கு இருக்கிறவங்களும் உண்டு. ரெண்டு தரப்பும் சந்திக்கிற இடங்கள் ரொம்பக் கம்மி. மூணு வயசுப் பிள்ளைங்க படிக்கிற இடம் அப்படி ஒண்ணா இருக்க முடியும்.

ஆனா நாம விரும்பித் தேடுற பிளே ஸ்கூல் எப்படி இருக்கு? வீட்டு வாசலுக்கு வேன். கேட்டுல ஆயா கையில ஒப்படைச்சா முடிஞ்சது. ஃபீஸ் யு.பி.ஐ.ல. பிள்ளை என்ன சாப்பிட்டான்னு ஆப்ல போட்டோ. ஆண்டு விழாவுக்கு டிரஸ் வாடகைக்கு வந்துடும், மேடை ஈவென்ட் மேனேஜ்மென்ட் போட்டுடும். பெற்றோர் செய்ய வேண்டியது செல்போனைத் தூக்கிப் பிடிச்சு வீடியோ எடுக்கிறது மட்டும்.

சாஃப்ட்வேர் துறையில நாங்க இதை வெற்றின்னு சொல்லுவோம். யூசருக்கு எத்தனை கிளிக் குறைச்சோம்ங்கிறதுதான் எங்க கணக்கு. அந்தக் கணக்கை அப்படியே பள்ளிக்கூட வாசல்ல போட்டா என்ன ஆகும்? பெற்றோரோட சிரமத்தைக் குறைக்கக் குறைக்க, அவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்க வேண்டிய காரணமும் குறையுது. இந்த எபிசோடோட மொத்த விஷயமும் இந்த ஒரு வரிதான். வாசல்ல காத்திருக்கிற அந்தப் பத்து நிமிஷம் வீண் இல்ல. ராத்திரி 11 மணி போன் காலுக்கு அஸ்திவாரம் அங்கதான் விழுது.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. நடந்து போற தூரம், உள்ளூர் டீச்சர், ஏழு வருஷத் தொடர்பு, எல்லாமே அங்கன்வாடியில ஏற்கெனவே இருக்கு. கொஞ்சம் காசு புழங்கினதும் நாம முதல்ல விட்டு விலகுறதும் அதைத்தான்.

இதெல்லாம் யாரோட உழைப்பு?

சரி, பெற்றோரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தா சமூகம் உருவாகும்னு சுலபமா சொல்லிட்டேன். அந்தப் 'பெற்றோர்' நடைமுறையில யாரு? அம்மா. காலை 11 மணிக்கு மீட்டிங் வெச்சா கம்பெனியில லீவு சொல்லப்போறது அவங்கதான். ஷிஃப்ட் வேலையில இருக்கிற அம்மாவால அதுவும் முடியாது. அப்புறம் 'அந்த அம்மா எதுக்கும் வர்றதில்ல'ன்னு பேச்சு வரும். ஆள் சேர்க்கிறதுக்குப் போட்ட ஏற்பாடே ஆளைத் தள்ளி வைக்கும்.

அதனால வேலை சின்னதா இருக்கணும், முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், அப்பாக்களுக்கும் பங்கு இருக்கணும். அங்கன்வாடிகள்ல இப்போ போஷன் அபியான் கீழ நடத்துற சமூக நிகழ்ச்சிகள்ல கணவர்களுக்கான நாள்னே ஒண்ணு உண்டு. எழுத்துல இருக்கிறது வாசல் வரைக்கும் வரணும், அதுதான் பாக்கி.

அடுத்தது ஊழியர்கள். ஒரு தெருவுல யாருக்கு என்ன கஷ்டம்னு முதல்ல தெரியறது அங்கன்வாடி டீச்சருக்கும் உதவியாளருக்கும்தான். அவங்க வாங்குறதுக்குப் பேரு சம்பளம் இல்ல, மதிப்பூதியம். அவங்களுக்கும் பணிக்கொடை உண்டுன்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்றதுக்கு 2022 ஏப்ரல் வரைக்கும் ஆச்சு. ஊரைச் சேர்த்து வைக்கிற ஆளே நாளைக்கு இருப்பாங்களான்னு தெரியாம இருந்தா அந்தச் சமூகம் எப்படி நிலைக்கும்?

மூணாவது, பேசாம விட முடியாத விஷயம். சேர்ந்து சாப்பிடுறதுதான் குழந்தைங்களோட முதல் சமூகம். அதைத்தான் சாதி முதல்ல உடைக்கப் பார்க்கும். சமைக்கிறவங்க என்ன சாதின்னு பார்த்துப் பிள்ளையை அனுப்ப மறுத்த சம்பவங்கள் தமிழ்நாட்டுலயே செய்தியா வந்திருக்கு. தனியார் பள்ளியில இது வேற உருவத்துல நடக்கும். ஃபீஸே வடிகட்டிடும். 'நம்மள மாதிரி ஆளுங்க' மட்டும் இருக்கிற குரூப்புக்குச் சமூகம்னு பேரு வைக்கிறது சுலபம். ஒரே தெருவுல இருக்கிற ஆட்டோ ஓட்டுறவர் குடும்பமும் ஐ.டி. குடும்பமும் ஒரே வாசல்ல நிக்கிறாங்களாங்கிறதுதான் சோதனை.

யு.கே.ஜி. முடிஞ்ச பிறகும்

ஆரம்பத்துல ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன். காப்பக நட்பு ஆழமானது, ஆனா அகலம் கம்மி. பிள்ளை அந்த வாசலை விட்டுப் போனதும், சந்திக்கக் காரணம் போயிடுது. அப்போ நீடிக்கிறதுக்கு என்ன வேணும்? வாசல் இருக்கும்போதே, வாசல் இல்லாமலும் சந்திக்க இன்னொரு காரணம் உருவாகணும்.

அது பெருசா எதுவும் இருக்க வேண்டாம். ஒரே தெருவுல இருக்கிற நாலு குடும்பம் முறை வெச்சுப் பிள்ளைங்களை நடத்திக் கூட்டிட்டுப் போறது. வேன் பிடிச்சா இது கிடைக்காது. அதே நாலு குடும்பம் ஒண்ணாம் கிளாஸுக்கு வேற வேற பள்ளிக்குப் போனாலும் சாயந்திரம் ஒரே இடத்துல விளையாடும். சின்னதாப் போன சட்டை, ஷூ, கதைப் புத்தகத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கிறது. கொடுக்கிறவங்க பிள்ளை ஒரு வயசு பெருசு, வாங்குறவங்க பிள்ளை ஒரு வயசு சிறுசு, அப்போ உறவு ஒரு செட்டோட முடியாம அடுத்த செட்டுக்கும் போகும். தாத்தா பாட்டி ஊர்ல இருந்து வந்தா ஒரு நாள் கதை சொல்லக் கூப்பிடுறது. அப்போ பிள்ளைங்களுக்கு 'ரியாவோட பாட்டி'ன்னு ஒரு ஆள் தெரியும்.

நீங்க பிளே ஸ்கூல் நடத்துறவங்களா? தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தோட வழிகாட்டு நெறிகள்லயே தனியார் பிளே ஸ்கூலுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வேணும்னு இருக்கு. அதை ரிஜிஸ்டர்ல மட்டும் வைக்காம ஒரு உண்மையான வேலையைக் கொடுங்க. பொங்கலுக்கு வெளியில ஆள் வைக்காதீங்க, கரும்பு வாங்குறது ஒரு அப்பா, கோலம் ஒரு அம்மா, அடுப்பு ரெண்டு பேர். வாசல்ல நிழலா ஒரு பெஞ்ச் போடுங்க. கேட்டைப் பத்து நிமிஷம் முன்னாடி திறந்து பெற்றோரை உள்ள வர விடுங்க. செலவு ஒரு பெஞ்ச் விலை.

நீங்க பெற்றோரா? பள்ளி தேடும்போது ஏ.சி. இருக்கா, சி.சி.டி.வி. இருக்கான்னு கேட்பீங்க, கேளுங்க. கூடவே இன்னும் மூணு கேள்வி. நடந்து போற தூரமா? டீச்சர் எத்தனை வருஷமா இங்க இருக்காங்க? போன வருஷம் படிச்ச பிள்ளைங்களோட பெற்றோர் இன்னும் இந்தப் பக்கம் வர்றாங்களா? மூணாவது கேள்விக்கு 'ஆமா'ன்னு பதில் வந்தா அந்த இடத்தை விடாதீங்க. உங்க தெரு அங்கன்வாடியையும் ஒரு தடவை உள்ள போய்ப் பார்த்துட்டு அப்புறம் முடிவெடுங்க.

இன்னும் கல்யாணமே ஆகல, எனக்கு எதுக்கு இதெல்லாம்னு கேட்கிறவங்களுக்கும் ஒண்ணு. வாசல்ல நிக்கிற ஆள் அம்மா அப்பாவாத்தான் இருக்கணும்னு சட்டம் இல்ல. அக்கா பிள்ளையைக் கூட்டிட்டு வர ஒரு நாள் நீங்க போங்க. போனைப் பாக்கெட்ல வெச்சுட்டுப் பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட அவங்க பிள்ளை பேரைக் கேளுங்க. மீதியை அந்த வாசல் பார்த்துக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.